நடீனின் மூன்று நிமிடம்

மணி அடித்ததும் கோரின் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொண்டாள். அதற்கே கூடம் எழுந்து கைதட்டியது.

ஹார்லன் மட்டும் தொப்பியைத் தேடுகிறவர்போல நாற்காலிக்கு அடியில் குனிந்துகொண்டார். தொப்பி அவர் மடியில்தான் இருந்தது.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? பாலோ செக்கோ என்ற அந்தப் பாலைவன ஊரின் நகர மன்றத்தில் பதினோரு வருடமாகப் பேசிவருகிறவர் அவர். கோரின் ஓரெகனிலிருந்து வந்து இரண்டு கோடைதான் ஆகிறது. தேளுக்காகச் செருப்பை உதறிப் போடக்கூட இன்னும் பழகாதவள்.

ஹார்லன், கோரின் வீடுகளைப்போல நகர எல்லைக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்குக் குழாய் கிடையாது. லாரியில் வந்து தொட்டியில் நிரப்பும் தண்ணீர்தான். எல்லைக்குள்ளே, ஃபீனிக்ஸிலிருந்து வருகிறவர்களுக்காகப் புதிது புதிதாகத் தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கே போதவில்லை, இனி அந்த லாரிகளுக்கு இங்கே தண்ணீர் நிரப்ப முடியாது என்றது மன்றம். வெளிவீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? கடைசியில் தண்ணீர்க் குழுவில் அவர்களுக்கென்று ஓர் இடம் கொடுக்க மன்றம் ஒப்புக்கொண்டது. அதில் யார் உட்காருவது என்பதை இன்று பேச்சு முடிந்ததும் கூடத்திலிருக்கும் வெளிவீட்டுக்காரர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஹார்லன் புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“என்ன புதுசா சொல்லிட்டா இவ? எல்லாம் நான் கத்தினதுதான். கண்ணைக் கசக்கிக்கிட்டுச் சொன்னா, அவ்வளவுதான்” என்றார் பக்கத்திலிருந்த மனைவியிடம்.

நடீன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பெயர் அவளுடையது. அதற்கடுத்து ஹார்லன். பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். பேச விருப்பமில்லாதவர் தன் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். நடீன் மாதாமாதம் பெயர் கொடுப்பாள், மாதாமாதம் எழுந்து நின்று தன் நேரத்தைக் கணவருக்குக் கொடுத்துவிட்டு உட்காருவாள். அப்படித்தான் ஹார்லனுக்கு ஆறு நிமிடம் கிடைத்துவந்தது. நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கியது என்பதைச் சொல்லவே அவருக்கு அதில் பாதி போய்விடும்.

“திருமதி நடீன்” என்று கூப்பிட்ட மேயர், தலைகூட நிமிராமல், “வழக்கம்போலத்தானே?” என்றார்.

ஹார்லன் தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

“இல்லீங்க. இன்னைக்கு என் மூணு நிமிஷத்தைக் கோரினுக்குக் குடுக்கறேன்.”

எழுந்த பாதியிலேயே நின்றார் ஹார்லன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கட்டின மனைவி, அதுவும் இத்தனை பேர் முன்னால்! அவர் தொப்பியின் மேலேயே உட்கார்ந்தார்.

கோரின் மறுபடியும் ஒலிபெருக்கிக்கு முன் வந்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா இருக்காங்க. அவங்க கதையைச் சொல்லலாமான்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தேன். இப்பத்தான் சரின்னாங்க.”

தொட்டித் தண்ணீரை மிச்சம் பிடிக்க அந்த அம்மாள் வீட்டில் குளிப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை யாரும் வருமுன் தேவாலயத்துக்குப் போய், பெண்கள் கழிப்பறையில் ஒரு துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்வாளாம். ராத்திரி கழிப்பறைக்குத் தண்ணீர் செலவாகுமென்று மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். தலை அலச மகள் வீட்டுக்குப் போகிற வரைக்கும் காத்திருப்பாளாம்.

கூடம் மூச்சுவிடாமல் கேட்டது. ஒரு மன்ற உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹார்லன் பேசும்போது ஒருநாளும் கண்ணாடி கழன்றதில்லை.

இப்படி ஒரு வீடு தன் கண்ணில் படாமல் போயிற்றே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. அடி அடியாகக் கணக்குச் சொன்னதற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால் நாற்காலி எப்போதோ வந்திருக்கும்.

“அவங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாது” என்றாள் கோரின். “அவருக்குத் தினமும் குளிச்சாகணும். வாசல்ல இருக்கற எலுமிச்சைக்கும் ரெண்டு வாளி ஊத்தணும். தொட்டி இத்தனை நாள் தாக்குப்பிடிக்குதுன்னா அது தன்னோட சாமர்த்தியம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்குவார்.”

அந்த மனுஷனை ஹார்லனுக்குப் பிடிக்கவில்லை. வெளிவீடுகளில் எலுமிச்சை வைத்திருப்பவர்கள் யார் யார் என்று மனதுக்குள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரே ஒரு வாசலில்தான் எலுமிச்சை இருந்தது.

“இந்த மன்றத்துல அவங்களுக்கும் மூணு நிமிஷம் உண்டு” என்றாள் கோரின். “இத்தனை வருஷமா அதையும் அவருக்கேதான் குடுத்துட்டு இருந்தாங்க.”

கூடத்திலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் திரும்பின.

நடீன் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் தன்னிடம் சொல்லாமல் அந்தக் கோரினிடம் சொல்லியிருக்கிறாள். எந்தச் சமையலறையில், எத்தனை நாள் உட்கார்ந்து சொன்னாளோ! நாற்காலி போனது அவருக்கு உறைக்கவில்லை. இதுதான் நெஞ்சை அறுத்தது.

மணி அடித்தது. மேயர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

ஹார்லன் போய் ஒலிபெருக்கிக்கு முன் நின்றார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக நிலத்தடி நீர்க் கணக்கை அவர் எடுக்கவில்லை.

“என் மூணு நிமிஷத்தை நடீனுக்குக் குடுக்கறேன்.”

கூடம் கைதட்டியது. அவருக்காகத் தட்டியது. அந்த நிலையிலும் அது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

நடீன் எழுந்திருக்கவில்லை.

“எனக்கு வேண்டாம்” என்றாள் இருந்த இடத்திலிருந்தே. “நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவ சொல்லிட்டா.”