புது வரவு

“இதை எடுத்துக்கோம்மா. குடியேற்ற அரசியலைப் பத்தி இந்த வருஷம் வந்ததுல இதுதான் நல்லது.”

நூலகத்தம்மா தள்ளுவண்டியிலிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்ப்பவள்; ஊரில் தன் அம்மாவின் சாவுக்குப் போய்த் திரும்பியவளை, விசாவில் ஏதோ சந்தேகம் என்று விமான நிலையத்திலிருந்து நேராக இந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

“ஐயோ, இவ்வளவு பெருசா? ரெண்டு நாள்ல விட்டுடுவோம்னு சொல்லியிருக்காங்க அக்கா. சின்னதா ஏதாவது குடுங்க.”

“சின்னது சட்டுனு தீர்ந்துடும்.” நூலகத்தம்மா சிரித்தார். “சரி, இதைப் பாரு. வெளியுறவு. ரெண்டு நாட்டுப் பெரிய மனுஷங்க கைகுலுக்குறப்போ சாதாரண ஜனங்க தலை எப்படி உருளுதுன்னு புட்டுப் புட்டு வெச்சிருக்கான். உங்க நாட்டுக்குத் தனி அத்தியாயமே இருக்கு.”

“எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?”

“ஒண்ணு விடாம. ஆட்சி மாறினா சட்டம் மாறும். சட்டம் மாறினா விசாரணை முதல்லேர்ந்து. அதைப் பத்திப் புதுசா ஒரு புத்தகம் வரும். சும்மா சொல்லக் கூடாது, வர வர நல்லா எழுதறாங்க.”

அந்தக் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. நர்ஸ் எழுந்தாள். ஜன்னலைத் திறக்கப் போனாள். அது திறக்கிற ஜன்னல் இல்லை.

“அக்கா, உங்களுக்கு இங்க எல்லாரையும் தெரியும். அதிகாரிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன். வீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை. அவரு தனியாத் திண்டாடுவாரு.”

“பொண்ணா?”

“ஆமா.”

நூலகத்தம்மா வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நிறைய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. முகம் மாறிக்கிட்டே போகும். திடீர்னு ஒருநாள் பார்த்தா நமக்கே அடையாளம் தெரியாது.”

“அதெல்லாம் எதுக்கு அக்கா? நாளன்னிக்குத்தான் நானே போயிடுவேனே!”

காவலர் வாசலில் வந்து நின்றார்.

“நேரமாச்சும்மா.”

“இதோ.” இரண்டு புத்தகங்களையும் கட்டிலில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினார். பிறகு எதிர் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்த கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்தார்.

காவலர் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டினார். அப்புறம் இந்தக் கதவுக்கு வந்தார்.