பேர் கொடுத்தவன்

“திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வந்துடு, உபேன். பிஜோலிக்கு நான் அப்பன் இல்லைன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

கோகுல் ராய் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னான். கொடிக்கம்பத்துக்காக மூங்கில் கணுவைச் சீவிக்கொண்டிருந்த உபேன் பர்மனின் கை அப்படியே நின்றது.

அன்று ஜூலை முப்பத்தொன்று. சிட் கல்மாட்டி ஊரே தலைகீழாகக் கிடந்தது. நாலு பக்கமும் இந்திய வயல் சூழ, நடுவில் மாட்டிக்கொண்ட வங்கதேசத் துண்டு அந்த ஊர்; இப்படிப்பட்ட துண்டுக்குத்தான் சிட் என்று பேர். அந்த நாட்டுக்குப் போக வழி கிடையாது, இந்த நாட்டில் இருக்க உரிமை கிடையாது. இன்று இரவோடு அது இந்தியாவில் சேர்கிறது. சணல் ஊறுகிற குட்டையின் நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் கரை நெடுகப் பெண்கள் மெழுகுவத்தி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாளில் வந்து சொல்கிற சேதியா இது?

பிஜோலி உபேன் பெற்ற மகள். காகிதத்தில் மட்டும் கோகுலின் மகள். சிட்டுப் பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து யாராவது ஒருவன் புருஷன் என்று வந்து நின்றால்தான் உண்டு. ஊரில் பாதிப் பிள்ளைகள் இப்படி இரவல் அப்பன் பேரில் பிறந்தவர்கள்தான். உபேனின் மனைவி சுரபாலாவுக்கு வலி கண்டபோது, கூட மூட்டை தூக்குகிற கோகுல்தான் போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு ஓடி வந்தான். கோகுல் ராய் சம்சாரத்துக்குப் பெண் குழந்தை என்று நர்ஸ் கூவினாள். பெற்றவன் மச்சான் வேஷத்தில், மரத்தடியில் துணிமூட்டையோடு நின்றான். அன்று வீட்டுக்குப் போன கோகுலிடம், இளையவள் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் அவன் பெண்டாட்டி சோறு போட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு வீட்டிலும் சிரிப்பார்கள்.

சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாசலிலும் கடைத்தெருவிலும் பிஜோலி உபேனை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறினால் படிப்புப் போய்விடும். சின்ன வயதில் அவள் வரப்பைத் தாண்டி ஊர் மண்ணில் கால் வைத்ததும், காரணமே இல்லாமல் ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிட்டுக்கொண்டே வருவாள். அடக்கி வைத்த மூச்சை விடுகிற மாதிரி இருக்கும்.

உபேன் கத்தியைக் கீழே வைத்தான். பெண்ணுக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் சேர வேண்டும், எல்லாச் சான்றிதழிலும் உன் பேர்தான் இருக்கிறது, இப்போது கையைக் கழுவினால் அவள் நடுத்தெருவில் நிற்பாள், படிப்பு முடிகிறவரை பொறுத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தான்.

கோகுல் மசியவில்லை. அங்கேயும் அதே பேரில் சேர்ந்துவிட்டால் அது கெட்டிப்பட்டுப் போகும், அப்புறம் யாராலும் அழிக்க முடியாது என்றான். இத்தனை நாள் உனக்கு நாடே இல்லை, நீ போய் நின்றாலும் உன்னை அப்பன் என்று எழுத ஆளில்லை, இனிமேல் எழுதுவார்கள், இடம் போகாமல் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றான்.

எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். உபேனுக்கு விஷயம் பிடிபட்டது. கோகுலுக்கு ஒரே பையன். கொஞ்சம் நிலம் இருக்கிறது. இதுவரை சிட்டுக்காரி எந்தக் கோர்ட்டில் போய்ப் பங்கு கேட்பாள்? நாளையிலிருந்து அவளும் இந்த நாட்டுக்காரி.

“நிலத்துக்குத்தானே பயப்படற? ஒரு பிடி மண்ணு வேணாம்னு எம் பொண்ணு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா.”

“நிலம் கெடக்கட்டும்டா. அப்பன்ங்கிற பேரு போகணும். எனக்கு அது ஒண்ணுதான்.”

சுரபாலா பொரியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு கேட்டாள்.

“இத்தனை வருஷம் இனிச்ச பேரு, இன்னிக்குத்தான் கசக்குதாண்ணே?”

கோகுல் கதவுப் பக்கம் பார்த்தான். அங்கே பிஜோலி நின்றுகொண்டிருந்தாள்.

மகள் பேருக்குப் பக்கத்தில் தன் பேர் வர வேண்டும் என்று உபேன் வேண்டாத தெய்வமில்லை. அது இப்படி எச்சில் இலை மாதிரி வந்து விழவா? பூஜைக்குப் பூஜை புதுத்துணி எடுத்துக் கொடுத்த மனுஷன்தானே இவன். உபேன் மகள் பக்கம் திரும்பினான்.

“நீயாவது ஒரு வார்த்தை சொல்லேம்மா. உன்னைத் தோள்ல தூக்கித் திரிஞ்சவர்தானே.”

பிஜோலி சட்டென்று கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். அழுகிறாள் போலிருக்கிறது என்று உபேன் நினைத்தான். நினைத்ததுமே பொறுமை அறுந்துவிட்டது.

“சரி, எழுதிக் குடுத்துத் தொலை. இன்னியோட உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒண்ணுமில்லை. இனிமே இந்த வரப்பைத் தாண்டி வராதே.”

கோகுல் அப்போதுதான் உட்கார்ந்தான். உபேனின் முழங்கால் மேல் கையை வைத்தான்.

“அப்படிச் சொல்லாதடா. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பன் பேரு இருந்தா கல்யாணம் பதிய முடியாதுங்கறான் ஆபீஸுல. அதுகூடப் போகட்டும், அவளுக்கு அப்பனா இருந்துக்கிட்டே அவளை எம் பையனுக்குப் பொண்ணு கேக்க எனக்கு நாக்கு எழலடா.”