தெருவில் ஒரு நாற்காலி

“நாற்காலியை உள்ளே எடு.”

பக்கத்து வீட்டுக் காசில்டா அக்கா இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பாள். வணக்கம் கிணக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு எதிரே, மல்பெரி மரத்தடியில், காலையிலிருந்து ஒரு கேம்பர் வேன் நின்றது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. நாட்டின் வடக்கே ஒவியேதோ நகரத்திலிருந்து கிளம்பிய ஒரு அப்பாவும் மகளும். இத்தாலி, பிரான்ஸ் கடற்கரை எல்லாம் சுற்றிவிட்டுப் போர்ச்சுகலுக்குப் போகிற வழியில், எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் கிளட்ச் போய்விட்டது. சாமான் திங்கட்கிழமைதான் வரும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான்.

ஆகஸ்ட் வெயில். வேனுக்குள் ஒரு நிமிஷம் இருக்க முடியவில்லை. அதனால் அப்பா ஹசிண்டோ வண்டியின் பக்கத்தில் பந்தல் துணியை இழுத்துக் கட்டி, மடக்கு நாற்காலி போட்டு, மகள் அரோவாவை உட்கார வைத்திருந்தார். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். காலில் தொடைவரை மாவுக்கட்டு.

“அம்மா, பிள்ளைக்குக் கால் முறிஞ்சிருக்கு. இத்தாலியில, ஜெனோவாவுல படிக்கட்டுல விழுந்துட்டா. வீட்டுக்குத் திரும்பிடலாம்னா, போர்ச்சுகல் பார்க்காம வரமாட்டேங்கிறா. உள்ளே அனலா இருக்கு, அதான்...” என்றார் ஹசிண்டோ.

“கால் எப்படி உடைஞ்சுதுன்னா கேட்டேன்? வண்டி நிக்கலாம். நாற்காலி வெளியே வந்தா அது முகாம். ஊருக்குள்ளே முகாம் போட்டா போலீஸ்காரன் வண்டியை இழுத்துட்டுப் போயிடுவான். சட்டம் தெரியாமலா ஊர் சுத்தக் கிளம்பினீங்க?”

“தெரியும்மா. ஆனா இங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

“நான் சொல்றேன்ல? அந்தத் துணியைச் சுருட்டு. டயருக்கு அடியில மட்டத்துக்கு வச்சிருக்கிற கட்டையையும் எடு.”

அவர் தயங்கினார். காசில்டா அக்கா தயங்கவில்லை. பெண்ணின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள், ஊன்றுகோலை நீட்டினாள், நாற்காலியை மடக்கி வேனுக்குள் வீசினாள். அரோவா அழுதுகொண்டே உள்ளே ஏறினாள். ஹசிண்டோ துணியைச் சுருட்டி, வண்டியைக் கட்டையிலிருந்து உருட்டி இறக்கினார்.

என் மனைவி மிலாவுக்குப் பொறுக்கவில்லை.

“கல்நெஞ்சக்காரி. ஒண்ணு பெத்திருந்தாத்தானே தெரியும்? நம்ம இடத்தையே விட்டுக்கொடுத்துட்டு நாமளே வாயை மூடிக்கிட்டு இருக்கோம். இவளுக்கு என்ன வந்தது?”

அதுவும் நியாயம்தான். அந்த மரத்தடி, பொழுது சாய்ந்ததும் நானும் மிலாவும் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிற இடம். இந்தப் பக்கத்து ஊர்களில் கோடைக்காலத்தில் எல்லாரும் அப்படித்தான், தெருவிலேதான் குடியிருப்பார்கள்.

அக்கா தன் வீட்டுக்குள் போய் மறைவதற்குள், தெருமுனையில் போலீஸ் கார் வந்து நின்றது.

“பார்த்தீங்களா? போனும் போட்டுட்டா” என்றாள் மிலா.

தெருவே அப்படித்தான் நினைத்தது. நானும்தான். மனிதர்கள் இவ்வளவு கேவலமாகவும் இருப்பார்களா!

போலீஸ்காரர் ஹசிண்டோவிடம் வந்தார். “முகாம் போட்டிருக்கீங்கன்னு புகார். உண்மைன்னா வண்டியைக் கிடங்குக்குக் கொண்டு போயிடுவோம்.”

“சார், ராத்திரி நாங்க இதுலதான் படுக்கணும். புள்ளையை வச்சுக்கிட்டு எங்கே போவேன்?”

போலீஸ்காரர் வேனைச் சுற்றி வந்தார். நாற்காலி இல்லை. பந்தல் இல்லை. நாலு டயரும் தரையில் இருந்தன.

அப்போதுதான் தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. காசில்டா அக்கா தன் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தாள். வேனை ஒட்டிப் போட்டாள். உள்ளே எட்டிப் பார்த்து, “ஏ பொண்ணு, இறங்கி வா” என்றாள். அரோவாவை ஒன்றில் உட்கார வைத்து, மாவுக்கட்டுக் காலை மற்றொன்றில் தூக்கி வைத்தாள். குதிகாலுக்கு அடியில் ஒரு தலையணை வேறு.

“என்னம்மா இது? முகாம் இல்லேன்னு இப்பத்தான் கிளம்பப் போறேன், நாற்காலி போடுறீங்க?” என்றார் போலீஸ்காரர்.

“இது என் வீட்டு நாற்காலி தம்பி. நான் இந்தத் தெருக்காரி, வாசல்ல காத்து வாங்குறேன். இவ என் விருந்தாளி. இதுக்குப் பேரு முகாம்னா, முதல்ல உங்க அம்மாவைப் புடிச்சு உள்ளே போடு. அவங்களும் சாயங்காலமானா வாசல்லதான் உட்காருவாங்க.”

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பியைச் சரிசெய்தார். கார் வந்த வழியே போனது.

ஹசிண்டோ நன்றி சொல்ல வாயெடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழுது வைக்காதே. திங்கட்கிழமை வரைக்கும் என் நாற்காலிதான். உன்னோடது வெளியே வந்தா நானே உடைப்பேன்” என்றாள் அக்கா.

மிலா உள்ளே ஓடிப்போய், குளிர்ந்த முலாம்பழத்தை நறுக்கி அரோவாவிடம் நீட்டினாள். “சாப்பிடு கண்ணு” என்று தலையைத் தடவினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன்.

“தப்பா நினைச்சுட்டேன் அக்கா. ஆமா, போலீஸ் வரப்போறது உனக்கு எப்படித் தெரியும்?”

காசில்டா அக்கா மிலாவை ஒருமுறை பார்த்தாள். நான் அறிந்து முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவர்தானே எலாதியோ. மத்தியானம் நீ தூங்கிட்டிருந்தப்போ உன் வீட்டுல போன் பேசினது, எனக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு.”