நாலும் ஒன்பதும்

பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும் ரவிக்குமார் கேலரியிலிருந்து எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கினார்.

நல்ல பந்தயத்தின் நடுவே எழுந்து போகிற ஆள் இல்லை அவர். வம்சி எங்கே பந்தயக் கார் ஓட்டினாலும் பத்து வருடமாக அங்கே போய் நிற்பவர். சென்னைக்கு ரயிலில், ஹைதராபாத்துக்கு பஸ்ஸில். இன்றைக்குப் பந்தயம் உள்ளூரில். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போதும்.

பனியனில் முன்னும் பின்னும் ஒன்பது என்று பெரிதாகப் போட்டிருந்தது. வம்சியின் கார் எண்.

வம்சி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் போவது நான்காம் நம்பர். ஓட்டுவது சைத்ரா. இருபத்திரண்டு வயதுப் பெண். இன்று ஜெயித்தால் இந்த வருடப் பட்டம் அவளுக்கு.

அவள் முதல் வளைவில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ரவிக்குமார் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு முறை மூடித் திறந்தாயிற்று. பதின்மூன்றாவது முறைக்கு அவரிடம் தெம்பு இல்லை.

கார்களுக்குச் சக்கரம் மாற்றும் பிட் பக்கம் யாரையும் விடவில்லை. தான் வேலை பார்க்கும் லேத் பட்டறையின் அடையாள அட்டையைக் காட்டி, அவசரம் என்று கெஞ்சி உள்ளே போனார்.

சைத்ரா அணியின் மேனேஜர் வெங்கடபதி காதில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், வண்டிய உள்ள கூப்புடுங்க. முன் சக்கரத்து ஆக்ஸில்ல விரிசல் இருக்குதுங்க."

வெங்கடபதி ஆளைப் பார்க்கவில்லை. பனியனைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, உங்க ஆளு ஜெயிக்கோணும்னா ஓட்டி ஜெயிக்கச் சொல்லுங்க."

"அந்த ஆக்ஸிலக் கடைஞ்சதே நானுங்க சார்."

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். இந்த வாரம் அவர் தன் லேத்தில் இரண்டு ஆக்ஸில்கள் கடைந்திருந்தார். ஒன்று இந்த அணிக்கு, இன்னொன்று வம்சியின் அணிக்கு. ஒரே அளவு. ஒன்றில் மட்டும் மயிரிழை அளவுக்கு விரிசல்.

"அது தவறி உங்களுக்கு வந்துபோச்சுங்க."

நான்காம் நம்பர் அவர்களைக் கடந்து சீறிக்கொண்டு போனது. வெங்கடபதி அது வளைவில் மறையும் வரை பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே இழுத்தார்.

அடுத்த சுற்றில் கார் உள்ளே வந்து நின்றது. சைத்ரா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

வெளியே வம்சி முதலிடத்துக்குப் போய்விட்டான். கேலரி அதிர்ந்தது. பத்து வருடமாகக் காத்திருந்த சத்தம். ரவிக்குமார் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு பேர் சேர்ந்து சக்கரத்தைப் பிரித்தார்கள். ஆக்ஸிலை வெளியே எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, டார்ச் அடித்தார்கள். வெங்கடபதி அதை அங்குலம் அங்குலமாக உருட்டிப் பார்த்தார். கண்ணாடி போல இருந்தது.

"ஒரு கீறல் இல்லீங்களே. நுனியில நாலுன்னு பொறிச்சிருக்குது பாருங்க. எங்க நம்பர்தான். எங்கீங்க விரிசல்?"

ரவிக்குமார் அதைக் கையில் வாங்கினார். நாலு என்ற எண்ணைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார். பட்டறையில் பார்சல் அனுப்புகிற கனகத்துக்குப் போன் போட்டு, பெட்டிகளைத் திறந்தாயா என்று கேட்டார்.

"ஆமாங்ணா, ரெண்டு பொட்டியிலயும் மாறிக் கெடந்துச்சு. நீங்க அவசரத்துல வெச்சுட்டீங்கன்னு, நாந்தான் நம்பரைப் பார்த்துச் சரி பண்ணி அனுப்பிப்போட்டேன்."

போன் காதிலேயே இருக்க, ஒன்பதாம் நம்பர் அவருக்கு முன்னால் பறந்து போனது.

"ஒம்பதுலங்க..." என்றார் ரவிக்குமார். "வம்சி வண்டிலங்க சார் இருக்குது..."

வெங்கடபதி இந்த முறை பனியனைப் பார்க்கவில்லை. தன் அணியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவனுக்காக, பந்தய அதிகாரிகளிடம் ஓடினார்.

சிவப்புக் கொடி காட்டப்பட்டது. கார்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. வம்சி கையை வெளியே நீட்டி, எதற்கு என்று கேட்டபடி பிட் பாதைக்குள் திரும்பினான். ஆள் நடக்கிற வேகம்தான். அப்போதுதான் இடது முன்சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்தது. கார் முகம் குப்புறத் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

சக்கரம் தனியாக உருண்டுபோய் டயர் அடுக்கில் மோதி விழுந்தது.

வம்சி இறங்கி அதையே பார்த்தான். முறிந்த ஆக்ஸிலைப் பார்த்தான். விவரம் கேட்டதும் வந்து ரவிக்குமாரைக் கட்டிக்கொண்டான்.

"உசுரக் காப்பாத்திட்டீங்கண்ணா."

சுற்றி நின்றவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். யாரோ தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

சைத்ரா மட்டும் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி பக்கத்தில் வந்தாள். குரலில் கோபம் இல்லை.

"ஏனுங்ணா, விரிசல் விட்டது ஒம்பதுன்னா, மொதல்ல எங்க வண்டிய எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

ரவிக்குமார் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

வியாழக்கிழமை பெட்டிகளை மூடும்போது அவருக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. இரண்டு ஆக்ஸில்களையும் விளக்கடியில் பிடித்து, எண்களை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மாற்றி வைத்தார்.