மீலொயேவின் மீசை

பெண்கள் கூடைப்பந்துக்கான செர்பியக் கோப்பையின் இறுதியாட்டம் முடிந்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. அரங்கின் உயரத்துச் சன்னல்கள் வழியாகப் பனிக்கால வெயில் நடுவட்டத்தில் விழ, அங்கே மடக்கு நாற்காலியில், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார் அணிப் பேருந்தின் ஓட்டுநர் மீலொயே. ஒரே புள்ளியில் ஜெயித்த எங்கள் ஊர்ப் பெண்கள் வியர்வைகூடக் காயாமல் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மேலே ரசிகர் வரிசைகளில் மேளமும் எக்காளமும் ஓயவில்லை. "கோப்பை வாங்கினா மீசைய எடுத்துடுறேன்னு சொன்னீங்களா இல்லையா, மாமா?" என்கிறாள் அணித்தலைவி துன்யா. "சொன்னேன். இப்ப யாரு இல்லேன்னா?" நெட்டைச் சென்கா கையை விரிக்கிறாள். "பொழச்சீங்க போங்க. யார்கிட்டயும் ரேசர் இல்ல!" ஒரு ஆட்டம் தோற்றாலும் மூட்டை கட்டவேண்டிய போட்டி இது, இவர்கள் முதல் சுற்றைத் தாண்டுவார்கள் என்றே எங்கள் ஊரில் யாரும் நம்பவில்லை, நான் உட்பட. மீலொயே சட்டையின் உள்பையிலிருந்து ஒரு ரேசரை எடுத்து நீட்டுகிறார். உறை பிரிக்கவில்லை, ஆனால் அதன் ஓரங்கள் பையிலேயே கிடந்து நைந்திருக்கின்றன. துன்யா அதை வாங்கி அந்த ஓரங்களைத் தடவிப் பார்க்கிறாள். "இத எப்ப வாங்கினீங்க?" என்று மெதுவாகக் கேட்கிறாள். "முதல் ஆட்டத்துக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி," என்று சொல்லிவிட்டு, மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கி, அவளிடம் முகத்தை நிமிர்த்துகிறார்.