அணில் போட்ட சிக்கு

குரங்கு, தேவாங்கு, அணில் மூன்றும் சேர்ந்து, கயிற்றில் சுழன்று ஏறி இறங்கும் யோயோவை விட்டுப் பழகின. விரல்களுக்கிடையே கயிற்றை ஊஞ்சலாகப் பிடித்து, சுழலும் யோயோவை அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். குரங்குக்கும் தேவாங்குக்கும் அது வந்துவிட்டது. அணிலுக்குச் சிக்குதான் விழுந்தது.

"இன்னிக்கும் வரலைன்னா நீ கிளம்பு. உன் சிக்கெடுக்கவே பொழுது போயிடுது," என்றது குரங்கு.

அணில் போட்டது. மறுபடியும் சிக்கு. கோபத்தில் கயிற்றைக் கடிக்கப் போனது.

"இரு, கடிக்காதே!" தேவாங்கு கண்ணைக் கிட்டே கொண்டுவந்தது. "அஞ்சு முனை நட்சத்திரம்! நடுவுல யோயோ தொங்குது பாரு. எப்படிடா விட்டே?"

"தெரியாமத்தான் விட்டேன்."

குரங்கும் அதேபோல் போட்டுப் பார்த்தது. பத்துத் தடவை போட்டும் நட்சத்திரம் விழவில்லை.

"சரி, நான் கிளம்பறேன்," என்றது அணில்.

குரங்கு அதன் வாலைப் பிடித்துக்கொண்டது. "எங்கே போறே? உட்காருப்பா. இன்னொரு தடவை, மெதுவாத் தப்பு பண்ணு."