சுவரைப் பார்த்த நாற்காலிகள்

"கடை பளிச்சுன்னு இருக்கு பாப்பா, குறையே சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டு பேர் மட்டும் ஏன் வர மாட்டேங்கறாங்க?"

கஃபே முதலாளி கேட்டதும் அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளலங்காரம் செய்து தருவது அவள் தொழில். இந்த கஃபேயைப் போன மாதம் புதுப்பித்ததும் அவள்தான். 'அந்த ரெண்டு பேர்' வேறு யாருமில்லை, அவளைப் பெற்றவர்கள்.

அப்பா பழைய வீட்டில் தனியாக இருந்தார். அம்மா மகளோடு இருந்தாள். என்ன சண்டை என்று அவளுக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. "இந்த ஜென்மத்துல உங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அம்மா கத்தியது மட்டும் கதவுக்கு வெளியே கேட்டது. சொன்ன சொல்லை அம்மா காப்பாற்றினாள்.

ஆனாலும் கடையைப் புதுப்பிக்கும் வரை தினமும் மதியம், கடை காலியாக இருக்கும் நேரத்தில், இருவரும் இங்கே வருவார்கள். அப்பாவுக்கு வாசலோர மூலை. அம்மாவுக்கு அதற்கு நேர் எதிர்க்கோடி மூலை. இருவருமே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்காருவார்கள்.

"சாதாரணமா மனுஷன் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவான் அண்ணே. முதுகுக்குப் பின்னால ஆள் நடந்தா யாருக்கும் நிம்மதி இருக்காது. அதை வெச்சுத்தான் நாங்க மேசையே போடுவோம். இவங்க ரெண்டு பேரும் தலைகீழ்."

"வீம்பு பாப்பா. கீரியும் பாம்பும் ஒரே கூரைக்குக் கீழ டீ குடிச்சதே பெரிசு."

பேசாவிட்டாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்களே! அந்தக் கடைசி இழையையும் தன் கையாலேயே அறுத்துவிட்டோமா?

அவள் சின்னவளாக இருந்தபோது மூவரும் இதே கடையின் நடுமேசையில் உட்காருவார்கள். அவள் பன்னைத் தோண்டி உலர்திராட்சையை மட்டும் எடுத்துத் தின்பாள். அப்பா ஏதோ சொல்வார். அம்மா சிரிப்பாள். கவிழ்த்த சட்டி போல வளைந்திருந்த கூரையில் அந்தச் சிரிப்பு உருண்டு, எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வரும். அவள் அண்ணாந்து அதைத் தேடுவாள்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ஏம்ப்பா கடைக்கு வர்றதில்ல?"

"காது டாக்டர்கிட்ட போயிருந்தேன்மா. கொஞ்ச நாளா ஒண்ணுமே விழ மாட்டேங்குது."

"நான் பேசறது விழுதே?"

"அதைத்தான் டாக்டரும் சொல்றார். காதுல ஒரு குறையும் இல்லையாம். அப்புறம் என்ன கோளாறுன்னுதான் தெரியல."

அம்மாவிடம் கேட்டால், "அந்த இடம் செத்துப்போச்சுடி" என்றாள்.

"சத்தம் எதிரொலிக்குதுன்னு எல்லாரும் குறை சொன்னாங்க. இப்ப எவ்வளவு அமைதியா இருக்கு!"

"அமைதியை வெச்சு நான் என்ன பண்ண? உங்கப்பாவுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தியாயிடுச்சு."

"நீங்கதான் பேசிக்கறதே இல்லையே. அழுத்தம் கூடிச்சா குறைஞ்சுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பழுது எதில் என்று தெரியாவிட்டால், மாற்றியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கிப் பார்க்க வேண்டும். அவள் தொழிலில் அதுதான் வழி. முதலில் பழைய மஞ்சள் விளக்குகளைத் திரும்ப மாட்டினாள். அப்பா வந்தார், அரை டம்ளர் டீயோடு எழுந்து போனார். பழைய மர நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். அம்மா வந்தாள், முணுமுணுத்தாள், போனாள். மிச்சமிருந்தது ஃபால்ஸ் சீலிங் மட்டும்தான். பழைய கூரையை மறைத்து அவள் தொங்கவிட்ட தட்டையான பலகைகள். சத்தத்தைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும் ரகம்.

"கூரையைப் பார்த்தா பாப்பா டீ குடிக்கறாங்க?" என்று முதலாளி சிரித்தார்.

"ஒரே ஒரு நாள் கழட்டிப் பார்த்துடலாம் அண்ணே."

கழற்றினார்கள். அப்பாவைப் போனில் கெஞ்சி வரச் சொன்னாள். அம்மாவிடம், "அப்பா காதுக்கு டாக்டரைப் பார்த்தாராம், தெரியுமா?" என்றாள். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "இரு, புடவை மாத்திட்டு வர்றேன்" என்று தானாகவே கிளம்பினாள்.

கடையில் அம்மா வழக்கமான மூலையில், வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சுவரில்? அவள் அப்பாவின் மூலைக்குப் போய், அவர் நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெறும் சுண்ணாம்பு. ஒரு விரிசல்கூட இல்லை.

"வந்துட்டீங்களா?"

காதோரம் அம்மாவின் குரல். திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் யாருமில்லை. அம்மா எதிர்க்கோடியில் முதுகைக் காட்டியபடி அசையாமல் இருந்தாள்.

"நான் பாட்டுக்கு தினமும் பேசறேன், நீங்க பதிலே சொல்லலையா, கோவம்னு நினைச்சுட்டேன். காதுக்கு டாக்டர் என்ன சொன்னார்?"

அந்த மூலையில் சுவரிடம் கிசுகிசுத்ததை, வளைந்த கூரை ஒரு சொல் சிந்தாமல் அள்ளிக்கொண்டு வந்து இந்த மூலையில் இறக்கி வைத்தது.

வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் ஓசையில்லாமல் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு, முதலாளியிடம் போய்ச் சொன்னாள்: "எதிரொலி குறைய மேசைகளுக்கு அடியில கம்பளி ஒட்டித் தர்றேன் அண்ணே. கூரை மட்டும் இப்படியே திறந்து இருக்கட்டும்."